கிணற்றுத் தண்ணீரும் பழைய தீராந்தியும்: வீட்டிலேயே மீன் தொட்டி அமைப்பது எப்படி?

மூன்றடி நீளம், பதினைந்து அங்குல அகலம், பதினைந்து அங்குல உயரம் கொண்ட ஒரு கண்ணாடித் தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் அதற்குள் ஏறத்தாழ 130 லீற்றர் தண்ணீர் நிற்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி 20 கிலோ, அடியில் பரப்பும் கல் 20 கிலோ என்று சேர்த்தால் மொத்த எடை 170 கிலோவைத் தாண்டும். மூன்றரை மூடை சீமெந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிள்ளைகள் ஓடித் திரியும் அறையில் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதற்கு இது சமம்.

இதை யோசிக்காமல்தான் பலர் பழைய எழுத்து மேசையிலும் தொலைக்காட்சி வைக்கும் தட்டிலும் தொட்டியை ஏற்றிவிடுகிறார்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, தண்ணீர் பட்டதும் ஊதி உதிரும். ஒரு மூலை கால் அங்குலம் இறங்கினாலே கண்ணாடியின் ஒட்டில் இழுவிசை ஏறி, ஒருநாள் இரவில் தொட்டி வெடிக்கும்.

கடையில் நல்ல தாங்கி வாங்கினால் பல வேளைகளில் தொட்டியின் விலைக்கே வந்துவிடும். அதனால் வீட்டிலேயே செய்ய விரும்புவோர் அதிகம். ஆனால் இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் குளிர்நாடுகளுக்கானவை. அங்கே மரம் வேறு, தண்ணீர் வேறு, மின்சாரமும் வேறு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மன்னாரிலும் கிடைக்கும் மரம், கிணற்றுத் தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை வைத்து இந்த வேலையை எப்படிச் செய்வது என்பதே இக்கட்டுரை.

எந்த இடத்தில் வைப்பது?

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நிரப்பிய தொட்டியை நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது.

மீள்குடியேற்றத்தின் பின் கட்டப்பட்ட வீடுகள் பல சிறியவை. இந்திய வீட்டுத்திட்ட வீடு ஒன்று 550 சதுர அடி. இப்படியான வீடுகளில் அத்திவாரத்துக்குள் மண் நிரப்பி, அதன்மேல் மெல்லிய சீமெந்துத் தரை போடுவது வழக்கம். மண்ணை நன்றாக இடித்து இறுக்காத இடங்களில் தரையின் நடுப்பகுதி காலப்போக்கில் தாழ்ந்து வெடிக்கும். ஆகவே அறையின் நடுவில் அல்லாமல், சுவரோடு ஒட்டிய மூலையில் தொட்டியை வையுங்கள். தரையில் வெடிப்பு ஓடிய இடத்தையும், தட்டினால் வெற்றொலி கேட்கும் இடத்தையும் தவிருங்கள்.

நேர் வெயில் படும் யன்னலோரம் வேண்டாம். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், தண்ணீர் சூடேறும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை மாதங்களில் வெக்கை கடுமையாக இருக்கும். அப்படியான வீட்டில், நிழல் விழும் பக்கச் சுவரே நல்லது. மின்செருகி அருகில் இருக்க வேண்டும். ஆனால் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக்கூடாது.

எந்த மரம்?

புது மரம் வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. இடிந்த வீட்டிலிருந்து எடுத்து வைத்த தீராந்தி, பனஞ்சிலாகை, கதவு நிலை என்று பல வளவுகளில் பழைய மரம் கிடக்கிறது. வேம்பு, முதிரை, பாலை, பனையின் கறுத்த வைரப்பகுதி எல்லாமே இந்தப் பாரத்தைத் தாங்கும். முப்பது, நாற்பது ஆண்டுகள் கூரையில் காய்ந்த மரம் இனி முறுக்காது. புதிதாக அறுத்த ஈரமரத்தைவிட அது நம்பகமானது. பனைமரத்தில் உட்பக்கச் சோற்றுப் பகுதியைச் சீவி அகற்றிவிட்டு, வைரத்தை மட்டும் எடுங்கள்.

பழைய மரத்தில் மூன்று சோதனைகள் அவசியம்.

முதலாவது, உளுப்பு. திருகாணிச் சாவியின் நுனியால் நான்கைந்து இடங்களில் அழுத்திக் குத்துங்கள். நுனி இலகுவாக இறங்கினால் அந்தத் துண்டு விறகுக்குத்தான்.

இரண்டாவது, கறையான். முனைகளை ஓர் அங்குலம் அறுத்துப் பாருங்கள். உள்ளே மண் கோடு தெரிந்தால் வேண்டாம்.

மூன்றாவது, உலோகம். யுத்தம் நடந்த இடங்களில் நின்ற மரங்களிலும், செல் விழுந்த வீடுகளின் கூரைமரங்களிலும் செல் துண்டுகளும் சன்னங்களும் புதைந்திருக்கக்கூடும். அறுக்கும்போது வாளின் பல் அதில் பட்டால் தெறித்து முகத்தில் அடிக்கும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை மரத்தின் நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். மேற்பரப்புக்கு அண்மையில் உள்ள ஆணியையும் இரும்புச் செல் துண்டையும் அது காட்டிக்கொடுக்கும். ஈயம், பித்தளைச் சன்னங்களைக் காந்தம் பிடிக்காது. எனவே மரத்தில் கறுத்த வட்டத் தழும்போ, மூடிய துளையோ இருந்தால் அந்தப் பகுதியைத் தவிர்த்து அறுங்கள். கண்ணாடி அணியாமல் மின்வாள் பிடிக்க வேண்டாம்.

பழைய மரம் தேடிப் பற்றைக்குள்ளும் இடிபாடுகளுக்குள்ளும் போகும்போது இனந்தெரியாத உலோகப் பொருள் எதையாவது கண்டால் தொடாமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டுப் பொலிஸாருக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பாரத்துக்கும் முட்டுக்கும் உதவும் என்று இரும்புக் குழாய்களைப் பொறுக்கி வருவதும் வேண்டாம். புதிதாகப் பனை வெட்டவும், காட்டுமரம் வெட்டவோ ஏற்றவோ அனுமதி தேவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தாங்கியின் அளவுகள்

மேலே சொன்ன மூன்றடித் தொட்டிக்கான அளவுகள் இவை. மரம் 4 அங்குலத்துக்கு 2 அங்குலம்.

மேல் சட்டம்: 37 அங்குலத்தில் 2 துண்டு, 12 அங்குலத்தில் 3 துண்டு.
கீழ்ச் சட்டம்: 37 அங்குலத்தில் 2 துண்டு, 12 அங்குலத்தில் 2 துண்டு.
கால்கள்: 21 அங்குலத்தில் 4 துண்டு.
உட்பக்க இணைப்புக் கால்கள்: 29 அங்குலத்தில் 4 துண்டு.
மேல் பலகை: 37 அங்குலத்துக்கு 16 அங்குலம், 18 மில்லிமீற்றர் தடிப்புள்ள, தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை.

மரம் மொத்தம் 34 அடி. வெட்டுச் சேதத்துக்கும் சேர்த்து 40 அடி எடுத்துவையுங்கள். 21 அங்குலக் கால்கள் நான்கையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து, ஒரே நீளம்தானா என்று பாருங்கள். அதில் வரும் சிறு வித்தியாசம்தான் பின்னர் ஆட்டமாக வெளிப்படும்.

பூட்டும் முறை இதுதான். இரண்டு நீளத் துண்டுகளுக்கு நடுவே குறுக்குத் துண்டுகளை வைத்துச் சட்டத்தைப் பூட்டுங்கள். துண்டுகள் 4 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி இருக்க வேண்டும், படுக்கப்போட்டால் வளையும். மேல் சட்டத்தின் மூன்றாவது குறுக்குத் துண்டு நடுவில் வரும். கீழ்ச் சட்டத்தைத் தரையில் வைத்து, நான்கு மூலைகளிலும் நீளத் துண்டின்மேல் 21 அங்குலக் கால்களை நிறுத்துங்கள். அவற்றின் தலையில் மேல் சட்டத்தை அமர்த்துங்கள். பிறகு 29 அங்குல இணைப்புக் கால்களை உட்பக்கமாக, கீழ்ச் சட்டம், கால், மேல் சட்டம் மூன்றையும் தொட்டபடி வைத்துத் திருகாணியால் பூட்டுங்கள்.

இந்த அமைப்பில் பாரம் பலகையிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து காலுக்கும், காலிலிருந்து கீழ்ச் சட்டத்துக்கும் மரத்தின்மேல் மரமாக இறங்குகிறது. திருகாணிகள் துண்டுகளை இடம்பெயராமல் பிடிப்பதோடு சரி. காலின் பக்கத்தில் சட்டத்தை அறைந்து, முழுப் பாரத்தையும் ஆணியில் தொங்கவிடுவதுதான் வீட்டுத் தாங்கிகளில் நாம் அதிகம் காணும் பிழை.

சட்டத்தின் மூலைகளுக்கு மூன்றரை அங்குலத் திருகாணி, மூலைக்கு இரண்டு. முதிரை, பாலை, பனை வைரம் போன்ற கடின மரங்களில் துளையிட்ட பின்பே திருக வேண்டும். இல்லாவிட்டால் மரம் பிளக்கும், அல்லது திருகாணியின் தலை முறியும். பின்பக்கத்தில் ஒரு பலகையை முழுமையாக அடித்துவிட்டால் தாங்கி பக்கவாட்டில் சரியாது. அது இல்லையென்றால் மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டமாவது வேண்டும்.

கறையானுக்காகக் கழிவு எண்ணெய் பூசுவது ஊர் வழக்கம். வீட்டுக்குள் நிற்கும் மீன் தொட்டித் தாங்கிக்கு அது வேண்டாம். இரண்டு தடவை வார்னிஷ் அல்லது எண்ணெய்ப் பெயின்ற் பூசி, மணம் போகும்வரை ஒரு வாரம் காற்றில் விடுங்கள். தாங்கியின் நான்கு மூலைகளுக்கும் அடியில் ஓட்டுத்துண்டோ தடித்த றப்பரோ வைத்தால், தரை கழுவும் ஈரம் மரத்தில் ஏறாது. கறையான் மண்கோடு கட்டினாலும் உடனே கண்ணில் படும்.

இதன் உயரம் ஏறத்தாழ 30 அங்குலம். சக்கர நாற்காலியில் இருப்பவர் பராமரிக்கப்போகும் தொட்டி என்றால் கால்களை 4 அங்குலம் குறைத்து 17 அங்குலமாகவும், இணைப்புக் கால்களை 25 அங்குலமாகவும் வெட்டுங்கள். அமர்ந்தபடியே தொட்டிக்குள் கைவிட்டு வேலை செய்வது இலகுவாகும்.

மரம் இல்லையென்றால்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் 56 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். கல்லும் கண்ணாடியும் சேர்த்து 75 கிலோ, அதாவது ஒன்றரை மூடை சீமெந்து. இதற்குச் சீமெந்துக் கல் போதும். இரு முனைகளிலும் கல்லை மூன்று வரிசை அடுக்கி, அதன்மேல் இரண்டு அங்குலத் தடிப்புள்ள பலகைகளை நெருக்கிப் போடுங்கள். மூன்று வரிசைக்கு மேல் சாந்து இல்லாமல் அடுக்க வேண்டாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் மூன்று வரிசையானாலும் சாந்து வைத்துக் கட்டிவிடுவதே பாதுகாப்பு. வாடகை வீட்டில் இருப்போருக்கும், வீடு இன்னும் கட்டி முடியாதோருக்கும் இது செலவு குறைந்த வழி.

தொட்டியை ஏற்றுதல்

வாங்கி வந்த தொட்டியை முற்றத்தில் சமமான இடத்தில், ரெஜிபோம் தகட்டின்மேல் வைத்து நிரப்பி, ஒருநாள் முழுக்க விடுங்கள். மூலைகளைக் காய்ந்த கடதாசியால் ஒற்றிப் பார்த்தால் கசிவு தெரியும். கசிந்தால் பழைய சிலிக்கோனைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் பூச வேண்டும். பழையதன்மேல் புதியது ஒட்டாது. குளியலறைக்கு விற்கும் பூஞ்சண எதிர்ப்புச் சிலிக்கோன் மீனுக்கு நஞ்சு. மீன் தொட்டிக்கென்று கேட்டு வாங்குங்கள்.

தாங்கியை இடத்தில் வைத்ததும் மட்டம் பாருங்கள். மட்டப்பலகை இல்லையென்றால் மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் போதும். நிறமற்ற குழாயில் தண்ணீர் ஊற்றி இரு முனைகளையும் தாங்கியின் இரு பக்கங்களில் பிடித்தால், தண்ணீர் மட்டம் உண்மையைச் சொல்லும். சரிவு இருந்தால் தாங்கியின் அடியில் முட்டுக் கொடுங்கள். தொட்டிக்கும் பலகைக்கும் நடுவில் கடதாசி, மரச்சீவல் எதையும் செருக வேண்டாம். அங்கே அரை அங்குல ரெஜிபோம் தகடு மட்டுமே இருக்கலாம். ஒரு மணல் குறுணி அடியில் அகப்பட்டாலும் கண்ணாடி அந்தப் புள்ளியில் வெடிக்கும்.

நம்முடைய தண்ணீர்

குடாநாடு சுண்ணக்கல் நிலம். மழைநீர் அந்தக் கல்லினூடாக இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. அதனால் கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் அதிகம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைக் காவிதான் அதன் அடையாளம். கடற்கரையை அண்டிய கிணறுகளில் உவர்ப்பும் சேரும். இது எல்லா மீனுக்கும் பொருந்தாது. ஆனால் கப்பி, மொலி, பிளாற்றி, சோட்டெயில் போன்ற குட்டி போடும் மீன்களுக்கு இந்தக் கடினத் தண்ணீர் நன்றாகவே ஒத்துவரும். மொலி ஓரளவு உவர்ப்பையும் தாங்கும். தண்ணீரை மாற்ற மருந்து தேடுவதைவிடத் தண்ணீருக்கேற்ற மீனைத் தேடுவது மலிவு.

குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் இன்னொரு பிரச்சினை உண்டு. பல ஆண்டுகளாக இட்ட உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலந்திருக்கிறது. மீன் தொட்டியிலும் மீனின் கழிவு இறுதியில் நைத்திரேற்றாகத்தான் மாறும். அதைக் குறைக்கத் தண்ணீர் மாற்று என்பதே எல்லா நூல்களும் சொல்லும் அறிவுரை. கிணற்றிலேயே நைத்திரேற்று கூடியிருந்தால், மாற்றும் ஒவ்வொரு வாளியும் அதை மேலும் கூட்டும். அப்படியான இடங்களில் நீர்த்தாவரங்களை நிறைய வளர்ப்பதும், மாரியில் சேர்த்த மழைநீரைப் பாதிக்குப் பாதி கலப்பதுமே வழி. கூரையிலிருந்து வடியும் முதல் மழையைச் சேர்க்க வேண்டாம். தூசும் எச்சமும் கழுவுண்ட பிறகு பிடியுங்கள்.

தொட்டியில் பச்சைப்பாசி விடாமல் பெருகினால், அதிக வெளிச்சமோ அதிக உணவோ காரணம் என்று முதலில் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இது மீனைவிட வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கு முக்கியம். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறன் குறையும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது.

தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கும் கிணற்று நீரைத் தொட்டிக்கும் எடுக்க வேண்டாம். மருந்து தெளிக்கும் தோட்டத்துக்கு அருகிலுள்ள கிணறு என்றால், தெளித்த நாளிலும் அடுத்து வரும் முதல் மழையின் பின்னும் தண்ணீர் மாற்றாதீர்கள். பூச்சிமருந்து கலக்கிய வாளி எத்தனை முறை கழுவினாலும் மீன் தொட்டிப் பக்கம் வரக்கூடாது.

குழாய்நீர் பாவிப்போர் கவனிக்க வேண்டியது குளோரின். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்ட பின், குடாநாட்டில் குழாய்நீர் பெறும் வீடுகள் கூடிவருகின்றன. குழாய்நீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் விட்டால் குளோரின் பறந்துவிடும். காற்றுக் குமிழி விட்டால் இன்னும் விரைவாகப் போகும். அந்தப் பாத்திரத்தைத் துணியாலோ வலையாலோ மூடிவையுங்கள். திறந்து கிடந்தால் நுளம்புக் குடம்பி வளரும். டெங்குப் பரிசோதனைக்கு வருவோரிடம் மீனுக்கு வைத்த தண்ணீர் என்று சொல்லித் தப்ப முடியாது.

கல், மணல், செடி

அடியில் ஒன்றரை அங்குலம் குறுணிக்கல் போதும். தண்ணீர் தெளியும்வரை ஏழெட்டுத் தடவை கழுவுங்கள். சோப் வேண்டாம். கடற்கரை மணல், சிப்பி, பவளக்கல் எல்லாம் கல்சியம். ஏற்கெனவே கடினமான தண்ணீரை மேலும் கடினமாக்கும். சந்தேகமான கல்லில் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணக்கல்.

வேலம்பாசி போன்ற தாழ்ந்து வளரும் நீர்த்தாவரங்கள் நைத்திரேற்றை உறிஞ்சும். மீன் குஞ்சுகளுக்கு ஒளிவிடமும் ஆகும். குளத்தில் எடுத்தால் நத்தை முட்டை, அட்டை இல்லாமல் கழுவி, ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் வடிவாக இருக்கிறது என்று கொண்டுவர வேண்டாம். ஆற்றுவாழையைத் தடுக்க இலங்கையில் 1909 இலேயே சட்டம் இயற்றினார்கள். இன்றுவரை அது நம் குளங்களையும் வாவிகளையும் மூடிக்கொண்டுதான் இருக்கிறது.

வடிகட்டியும் மின்வெட்டும்

காற்றுப் பம்பும் பஞ்சு வடிகட்டியும் இந்தத் தொட்டிக்குப் போதுமானவை. பம்ப் காற்றைக் குழாயினூடாக மேலே தள்ள, தண்ணீர் பஞ்சினூடாக இழுபடும். அழுக்குப் பஞ்சில் தங்கும். கழிவை உடைக்கும் நல்ல பக்ரீறியாக்களும் பஞ்சிலேயே குடியேறும். 5 வாற் பம்ப் மாதம் முழுக்க ஓடினாலும் நான்கு அலகு மின்சாரத்துக்குள் அடங்கும். நம் காலநிலையில் வெப்பமூட்டி தேவையில்லை.

2022 பங்குனி இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தது. அப்படி ஒரு காலம் மீண்டும் வராவிட்டாலும், மாரியில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் ஓரிரு நாள் இருள்தான். மூன்று ஏற்பாடுகளை ஆரம்பத்திலேயே செய்துகொள்ளுங்கள்.

ஒன்று, பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், மின் நின்றதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பிவந்து பம்பிலும் மின்செருகியிலும் வடியும். மேலே வைக்க வசதியில்லையென்றால் குழாயில் ஒருவழி வால்வு பூட்டுங்கள். இரண்டு, எல்லா மின்கம்பிகளும் செருகிக்குப் போகுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும். கம்பி வழியே வடியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். தொட்டிக்குள் கைவிடுமுன் மின்னை நிறுத்துங்கள். மூன்று, மீனைக் குறைவாக வையுங்கள். மின்வெட்டில் முதலில் சாவது நெருக்கமான தொட்டி. மின் இல்லாத நேரத்தில் உணவு போடாமல், மணிக்கொரு முறை ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினால் ஒட்சிசன் கரையும்.

முதல் ஆறு வாரங்கள்

தொட்டி வைத்த அன்றே மீன் விட்டு, நாலாம் நாள் எல்லாம் செத்து மிதப்பது பலரின் அனுபவம். மீனின் கழிவு அமோனியாவாகிறது. அது நஞ்சு. ஒருவகைப் பக்ரீறியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை ஆபத்துக் குறைந்த நைத்திரேற்றாக்கும். இந்த இரண்டு கூட்டமும் பஞ்சில் வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும்.

தண்ணீர் பரிசோதிக்கும் பெட்டி வாங்க வசதியில்லாதவர்கள் இப்படிச் செய்யலாம். முதல் ஒரு வாரம் மீன் இல்லாமல் வடிகட்டியை ஓடவிடுங்கள். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் அயலவரிடம் அவரது பஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை வாங்கி ஊற்றினால் பக்ரீறியா விரைவில் பெருகும். பிறகு நான்கு சிறிய மீன் மட்டும் விடுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு உணவு போதும். வாரம் இரண்டு தடவை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே மாற்றுங்கள். ஆறு வாரம் கடந்தபின் நான்கு நான்காக மீனைக் கூட்டலாம். மூன்றடித் தொட்டிக்கு இருபது சிறு மீன் அளவோடு நிறுத்துவது நல்லது.

மீன் வந்த பொலித்தீன் பையை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்த பின், வலையால் அள்ளி விடுங்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த மீன் மென்மையான தண்ணீரில் வளர்ந்ததாக இருக்கலாம். நம் கிணற்றுத் தண்ணீருக்குத் திடீரென்று வந்தால் தாங்காது.

பஞ்சைக் கழுவும்போது குழாய்நீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள். மாற்றிய தண்ணீரை வீணாக்காமல் வாழைக்கோ கத்தரிக்கோ ஊற்றுங்கள்.

நுளம்புச் சுருளும் புகையும்

நுளம்பைக் கொல்லும் சுருள், விசிறி மருந்து, டெங்குப் புகை மூன்றிலும் உள்ள மருந்துவகை மீனுக்குக் கடும் நஞ்சு. காற்றுப் பம்ப் அறைக் காற்றைத்தான் தொட்டிக்குள் தள்ளுகிறது. தொட்டியுள்ள அறையில் நுளம்புவலை பாவியுங்கள். புகையடிக்க வருகிறார்கள் என்றால் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை கலைந்து ஒரு மணிநேரத்தின் பின் திறவுங்கள்.

வருமானம் வருமா?

கப்பி நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். அதனால் இது வீட்டிலிருந்தே வருமானம் தரும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு தொட்டியில் அது நடக்காது. கலப்பில்லாத நிறம், ஒரே அளவு, தொடர்ச்சியான வழங்கல் இருந்தால்தான் வாங்குவோர் திரும்பி வருவார்கள். அதற்குச் சீமெந்துத் தொட்டிகளும் நிறைய நல்ல தண்ணீரும் வேண்டும். நுண்கடன் எடுத்து ஆரம்பிக்க முன், ஒரு தொட்டியை ஓர் ஆண்டு சாகடிக்காமல் வைத்திருந்து பாருங்கள். அதன் பின்னும் விருப்பம் இருந்தால், நக்டா என்று அறியப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் மாவட்ட அலுவலரிடம் பயிற்சி பற்றிக் கேளுங்கள். 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இந்தச் சபையின் பணிகளில் அலங்கார மீன் வளர்ப்பும் அடங்கும்.

குளத்தில் விட வேண்டாம்

தொட்டி அலுத்துப்போனாலோ மீன் பெருத்துவிட்டாலோ, பாவம் என்று குளத்தில் கொண்டுபோய் விடுவது நல்ல மனதோடு செய்யும் கெட்ட காரியம். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். உடல் முழுக்க முள்ளும் தகடும். தென்னிலங்கை நீர்நிலைகளில் அது பெருகி, மீனவரின் வலையைக் கிழிக்கிறது. கத்திமீன் எனப்படும் அலங்கார மீனும் கொழும்பை அண்டிய நீர்நிலைகளில் பரவி, உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்கிறது. இரண்டும் யாரோ ஒருவரின் தொட்டியிலிருந்தோ பண்ணையிலிருந்தோ போனவைதான்.

இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் நன்னீர் மீன்பிடியை நம்பிக் குடும்பங்கள் வாழ்கின்றன. இழந்த வலையையும் தோணியையும் மீண்டும் தேடிக்கொண்டவர்கள் அவர்களில் பலர். அவர்களின் குளத்துக்குள் ஒரு சக்கர் மீனையும் விடாதீர்கள். வேண்டாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். பாடசாலைத் தொட்டிக்கோ அயலவருக்கோ கொடுங்கள். கிணற்றில் நுளம்புக் குடம்பி தின்னக் கப்பி விடுவதாக இருந்தாலும் சுகாதாரப் பகுதியினரிடம் கேட்ட பின்பே விடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை, மாரி முடிந்ததும், தாங்கியின் அடியில் விளக்குப் பிடித்துப் பாருங்கள். மண்கோடு, ஈரக்கறை, விரிந்த மூட்டு ஏதாவது தெரிந்தால், அன்றே தொட்டியைப் பாதியாக இறைத்துவிட்டு மீதியை யோசியுங்கள்.